முதுகலைப் புவியியல் செய்யுறன், களத்தில வேலை செய்யப் பழகுறது எப்பிடி? திருகோணமலை ஆக்கள் சொல்லுங்கோ

நிலாவெளி_டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். திருகோணமலையில ஒரு ஸ்கூல்ல புவியியல் படிப்பிக்கிறன், சனி ஞாயிறில முதுகலைக்குப் போய் வாறன். பாடமெல்லாம் முடிஞ்சுது, சோதனையும் பாஸ், இனி ஆய்வுதான். சுப்பவைசர் முன்மொழிவு கேக்கிறார். "காலநிலை மாற்றமும் திருகோணமலை மாவட்டத்தின் நிலத்தடி நீரும்" எண்டு தலைப்பு எழுதி வச்சிருக்கிறன், ஆனா அதுக்குக் கீழ ஒரு வரியும் போகுதில்லை. ஆய்வு முறையியல் நோட்ஸ் ஒரு கட்டு இருக்கு, மாதிரியெடுப்பு எத்தினை வகை எண்டு கேட்டா நித்திரையிலயும் சொல்லுவன், ஆனா நாளைக்குக் காலமை ஒரு கிராமத்துக்குப் போய் இறங்கினா முதல்ல யாரிட்டப் போறது, எதை அளக்கிறது, எப்பிடி எழுதி வைக்கிறது எண்டு தெரியாது. என்னோட படிக்கிற ஆக்கள் ஜிஐஎஸ் (கணினியில வரைபடம் செய்யிறது) கோர்ஸ், பைதன் (நிரல் மொழி) கோர்ஸ் எண்டு காசு கட்டிப் போகினம். நானும் போகவேணுமா? ஸ்கூல் முடிஞ்சு பின்னேரமும் லீவு நாளும்தான் எனக்கு நேரம். செய்து பாத்த ஆக்கள் சொன்னா பெரிய உதவி.

தம்பலகாமத்தான்

தங்கச்சி, முதல்ல தலைப்பைச் சின்னனாக்குங்கோ. மாவட்டம் எண்டா 2,727 சதுர கிலோமீற்றர், 11 பிரதேச செயலகப் பிரிவு, 230 கிராம சேவகர் பிரிவு, ஒரு பக்கம் புல்மோட்டை இல்மனைட் மணல், மற்றப்பக்கம் வெருகல், நடுவில கந்தளாய்க் குளத்துப் பாய்ச்சல், இதெல்லாத்திலயும் நிலத்தடித் தண்ணி ஒரே மாதிரி நடக்காது. ஒரு ஆள், கையில ஒரு மோட்டார் சைக்கிள், கிடைக்கிறது பின்னேரம், இதுக்கு ஏத்த அளவில ஒரு கேள்வியை எடுங்கோ.

களத்திறன் எண்டா என்ன எண்டு கேட்டா நான் சொல்லுறது ஒண்டுதான், ஒரு எண்ணைக் கண்டா அது எங்க பிறந்தது, ஆர் அளந்தது, எதால அளந்தது எண்டு அந்த இடம் வரைக்கும் தேடிப்போகப் பழகுறது. இதைப் பழகாமல் எந்த சொப்ட்வேர் படிச்சும் வேலையில்லை. ஒரு உதாரணம் சொல்லுறன். எங்கட பக்கம் ஒக்டோபர்ல இருந்து ஜனவரி வரைக்கும் வானம் முழுக்க முகில், சாதாரண செய்மதிப் படம் எடுத்தா வெள்ளை வெள்ளையா முகில்தான் தெரியும். அதால வெள்ளம் பாக்கிற ஆக்கள் எல்லாரும் சென்டினல்-1 ராடர் படத்துக்குப் போவினம், அது முகிலை ஊடறுத்துப் பாக்கும், அலையில்லாத தண்ணி அதில கறுப்பாத் தெரியும், கறுப்பு எல்லாம் வெள்ளம் எண்டு நீலம் தீட்டி மாப் போட்டிடலாம், அழகாவும் இருக்கும். ஆனா நவம்பர் மாசம் தம்பலகாமம், கிண்ணியா, கந்தளாய்ப் பக்கம் அந்தக் கறுப்பில ஒரு பங்கு பெரும்போக (மாரிக்கால நெல்) விதைப்புக்கு எண்டு வரம்பு கட்டித் தண்ணி கட்டின வயல். வருசா வருசம் அப்பிடித்தான் நிக்கும். கொழும்பில இருந்து படம் பாக்கிறவருக்கு அது அனர்த்தம், வயலுக்குத் தண்ணி பங்கிடுற வட்டவிதானையைக் கேட்டா எந்த வயல்கண்டத்துக்கு எந்தக் கிழமை தண்ணி திறந்தது, எது உண்மையில மழை வெள்ளத்தில தாண்டது எண்டு விரல் நீட்டிக் காட்டுவார். வெள்ளத்துக்கு முந்தின படம் ஒண்டு, போன வருசம் அதே கிழமைப் படம் ஒண்டு, அதோட அந்த மனுசன்ர வாய்மொழி, இந்த மூண்டையும் பக்கத்தில வச்சுப் பாக்கிறதுதான் நீங்கள் கேக்கிற திறன்.

வரைபடப்_பித்தன்

தம்பலகாமத்து அண்ணை சொன்னது சரி, ஆனா சொப்ட்வேரைப் பிறகு பாக்கலாம் எண்ட மாதிரி ஆக்கள் விளங்கிக்கொள்ளக் கூடாது. வட்டவிதானை சொன்னதை மாப்பில சரியான இடத்தில வைக்கத் தெரியாட்டி அதுவும் வீண்தான்.

டீச்சர், காசு கட்டவேண்டாம். கியூஜிஐஎஸ் எண்ட வரைபட சொப்ட்வேர் இலவசம், பழைய லெப்டொப்பிலயும் ஓடும். கோர்ஸ்ல முப்பது டூல் காட்டுவினம், உங்களுக்கு முதல்ல தேவை ஒண்டே ஒண்டு, ஆள்கூற்று முறை, அதாவது ஒரு இடத்தை எண்ணால குறிக்கிற முறை. இலங்கையில இது பெரிய பொறி. போன் ஜிபிஎஸ் தாறது டபிள்யூஜிஎஸ்84 எண்ட உலகப் பொது முறை. நில அளவைத் திணைக்களத்தின்ர புதுத் தரவு எஸ்எல்டி99 எண்ட இலங்கை முறை, அதில பிதுருதலாகலை உச்சிக்கு 500,000 கிழக்கு, 500,000 வடக்கு எண்டு எண் குடுத்திருக்கு. அதுக்கு முந்தின கந்தவல முறையில அதே உச்சிக்கு 200,000, 200,000. அதால திருகோணமலை டவுன் புது முறையில சுமாரா 550,000 கிழக்கு, 673,000 வடக்கு எண்டு வரும், பழசில 250,000, 373,000. புதுத் தரவைக் கொண்டுவந்து பழைய முறை எண்டு கியூஜிஐஎஸ்க்குச் சொன்னா உங்கட நிலாவெளிக் கிணறெல்லாம் கிழக்கால 300, வடக்கால 300 கிலோமீற்றர் தள்ளி வங்காள விரிகுடாவுக்க போய் விழும். அப்பிடி விழுந்தா நல்லது, உடன கண்டுபிடிக்கலாம். ஆபத்து எங்க எண்டா ரெண்டு முறைக்கும் நடுவில மாத்தும்போது மாற்றக் கணக்கைப் பிழையா எடுத்து ஒரு இருநூறு மீற்றர் விலகி நிக்கிறது, மாப்பைப் பாத்தா சரியாத்தான் தெரியும், ஆனா கடற்கரைக் கிணறு ரோட்டுக்கு அங்கால போயிருக்கும். கடலுக்கும் கிணத்துக்கும் உள்ள தூரம்தான் உங்கட ஆய்வெண்டா முழுக்கணக்கும் போச்சு.

இதுக்கு ஒரு பயிற்சி இருக்கு, ஒரு லீவு நாள் காணும். கோணேசர் கோயில் வாசல், மணிக்கூட்டுக் கோபுரம், உப்புவெளிச் சந்தி, கன்னியா வெந்நீரூற்று இப்பிடி செய்மதிப் படத்தில தெளிவாத் தெரியுற ஒரு பத்து இடத்துக்குப் போய் நிண்டு போன்ல புள்ளி எடுங்கோ. வீட்டை வந்து படத்துக்கு மேல போடுங்கோ. வெட்டவெளியில மூண்டு தொடக்கம் ஐஞ்சு மீற்றர் விலகல் சாதாரணம், மரத்துக்குக் கீழ, சுவருக்குப் பக்கத்தில கூடும். பிறகு அதே புள்ளியளை எஸ்எல்டி99க்கு மாத்தி, 1:50,000 மாப் ஒண்டைப் புவிநிலைப்படுத்தி (மாப்பின்ர படத்தை அதின்ர ஆள்கூற்றில பொருத்தி) அதுக்கு மேல போடுங்கோ. எது எவ்வளவு விலகுது, ஏன் விலகுது எண்டு ஒரு பக்கம் எழுதுங்கோ. இதை முடிச்ச ஆளுக்கு மிச்ச டூல் எல்லாம் தேவை வரேக்க யூடியூப்ல பாத்துச் செய்யலாம்.

மூதூர்_நானா

டீச்சர் கேட்ட முதல் கேள்விக்கு இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லல்லியே, கிராமத்துக்குப் போய் இறங்கினா முதல்ல யாருக்கிட்டப் போற எண்டு. நான் களக் கணக்கெடுப்பு வேலையில கன காலம் இருந்த ஆள், அதச் சொல்றன்.

கெம்பஸ்ல இருந்து ஒரு கடிதம் எடுங்க, உங்கட பேர், ஆய்வுத் தலைப்பு, சுப்பவைசர் கையொப்பம் எல்லாம் இருக்கணும். அதோட பிரதேச செயலகம், பிறகு கிராம சேவகர், பிறகு அந்த ஊர்ல ஆக்கள் மதிக்கிற ஒராள், கோயில் தர்மகர்த்தாவா, பள்ளிவாசல் தலைவரா, மாதர் சங்கத் தலைவியா, மீனவர் சங்கமா எண்டு ஊருக்கு ஊர் மாறும். ஜீஎஸ்ஸ, அதான் கிராம சேவகர, காணாம நேர வீட்டுக்குப் போனா, இவங்க யாரு, காணி அளக்க வந்தவங்களா எண்டு பயப்படுவாங்க. இங்க காணி எண்டா சும்மா விசயமில்ல. சம்பூர்ல 2006ல வெளிக்கிட்ட சனம் எத்தின வருசம் கழிச்சுத் தங்கட மண்ணுக்குத் திரும்பி வந்திச்சு எண்டு எல்லாருக்கும் தெரியும். அப்பிடியான இடத்தில ஜிபிஎஸ் கையில வச்சிக்கிட்டு வேலி ஓரமா நடக்கிற ஆளப் பாத்தா என்ன நினைப்பாங்க?

இன்னொண்டு, 2004 சுனாமிக்குப் பிறகும் யுத்தம் முடிஞ்ச பிறகும் இங்க போம் நிரப்பாத வீடில்ல. "எத்தின தரம் எழுதிட்டுப் போனீங்க, என்ன வந்திச்சு?" எண்டு கேப்பாங்க, அந்தக் கேள்வி நியாயமானது. அதுக்கு நேர்மையாப் பதில் சொல்லுங்க, இது படிப்புக்கு, உதவி ஒண்டும் வராது, விரும்பினா மட்டும் கதைங்க, நடுவில நிப்பாட்டலாம் எண்டு. சொல்லிட்டு, குடுக்கக்கூடியத குடுங்க. தண்ணி அளந்தா அந்த அளவத் துண்டில எழுதி வீட்டுக்காரருக்குக் குடுத்திட்டு வாங்க.

கேள்விக்கொத்த கொபோடூல்பொக்ஸ் எண்ட கணக்கெடுப்புச் செயலியில போட்டா போன்லயே நிரப்பலாம், நெட் இல்லாட்டியும் சேமிச்சு வச்சிப் பிறகு அனுப்பும், தமிழ்லயும் சிங்களத்திலயும் ஒரே போம் வைக்கலாம். மொறவெவ, கோமரங்கடவலப் பக்கம் போறதெண்டா சிங்களம் கட்டாயம் வேணும். ஆனா ஒரு எச்சரிக்க, கேள்விய முதல்ல ஒரு அஞ்சாறு வீட்டில கேட்டுப் பாக்காம போன்ல ஏத்தாதீங்க. "உங்கள் நீர்நுகர்வு யாது" எண்டு கேட்டா பெரியம்மா உங்களயே பாத்திட்டிருப்பா. "ஒரு நாளைக்கு எத்தின வாளி அள்ளுற, மோட்டர் போட்டா எவ்வளவு நேரம் ஓடும்" எண்டு கேளுங்க, அவ சரியாச் சொல்லுவா, நீங்க வீட்டில லீற்றராக்குங்க.

தனியாப் போறதப் பத்தியும் சொல்லணும். போற இடம், திரும்பி வார நேரம் வீட்டில ஒராளுக்குச் சொல்லிட்டுப் போங்க, முடிஞ்சா அந்த ஊர்ப் பிள்ள ஒண்டக் கூட்டிக்கிட்டுப் போங்க. உங்கட பழைய மாணவிகள் எல்லா ஊர்லயும் இருப்பாங்கதானே.

உவர்மலைப்_பிள்ளை

இந்த இழைக்கு நன்றி, நானும் இதே நிலைமைதான். எனக்குக் கடற்கரை மாற்றம். லான்ட்சாட் படம் 2000க்கும் 2024க்கும் எடுத்துக் கோடு கீறிப் பாத்தா சில இடத்தில கடல் 40 மீற்றர் உள்ள வந்த மாதிரிக் காட்டுது. இதை அப்பிடியே எழுதலாமா?

வரைபடப்_பித்தன்

எழுதாதீங்கோ தம்பி. லான்ட்சாட்ல ஒரு பிக்சல் 30 மீற்றர், 40 மீற்றர் எண்டா ஒண்டரைப் பிக்சல்கூட வராது, கோடு கீறுற கை கொஞ்சம் நகந்தாலே அது வந்திடும். சென்டினல்-2 பத்து மீற்றர், ஆனா 2015க்குப் பிறகுதான். அதோட ரெண்டு படமும் எந்த மாசம் எடுத்தது? இங்க வாடைக்காலத்தில (வடகீழ்ப் பருவக்காற்று) அலை மணலை வாரிக்கொண்டு போகும், கச்சான் காலத்தில (தென்மேல் பருவக்காற்று) திரும்பக் கொண்டுவந்து போடும், ஜனவரிப் படத்தை ஓகஸ்ட் படத்தோட ஒப்பிட்டா நீங்கள் அளக்கிறது பருவத்தை. வற்றுப்பெருக்கு இங்க ஒரு மீற்றருக்கும் குறைவு, அது பெரிய தொந்தரவு தராது, ஆனா பருவம் தரும். ஒரே மாசத்துப் படங்களை எடுத்து, ரெண்டுக்கு நடுவிலயும் கன படம் வச்சுப் போக்கைப் பாருங்கோ. கரைவலை இழுக்கிற ஆக்களிட்ட அவையின்ர வாடி (கரையில போடுற கொட்டில்) முந்தி எங்க இருந்தது எண்டும் கேளுங்கோ.

நிலாவெளி_டீச்சர்

எல்லாருக்கும் நன்றி, வாசிக்க வாசிக்கத் தலை தெளியுது. மூதூர் நானா சொன்ன வாளிக் கணக்கை இண்டைக்கே நோட்டில எழுதிட்டன்.

இப்பிடி மாத்தினா எப்பிடி எண்டு பாருங்கோ. நிலாவெளி தொடக்கம் இறக்கக்கண்டி வரைக்கும் கடற்கரையோரம் கிணத்துத் தண்ணி உப்பாகுறது. ஒரு பக்கம் ஹொட்டேல் மோட்டர், ஒரு பக்கம் வெங்காயத் தோட்டம், நடுவில வீட்டுக் கிணறு. கோடை கடுமையா அடிக்கேக்க எங்கட தெருவில சில கிணறு வாயில வைக்கேலாது, பக்கத்து வளவில நல்ல தண்ணி. ஏன் எண்டு சின்ன வயசில இருந்து எனக்கு ஒரு கேள்வி. ஆனா அளக்கிற கருவி ஒண்டும் என்னட்ட இல்லை, இதைப் புவியியல்காரர் செய்யலாமா அல்லது இரசாயன ஆக்கள்தான் செய்யவேணுமா?

கிணத்தடி

தாராளமாச் செய்யலாம் டீச்சர், இது அச்சொட்டான புவியியல் கேள்வி. இரசாயனக்காரர் ஒரு போத்தல் தண்ணிக்குள்ள என்ன இருக்கெண்டு சொல்லுவார், இந்தக் கிணத்தில ஏன், அந்தக் கிணத்தில ஏன் இல்லை எண்டுறதுக்கு இடம் பாக்கத் தெரிஞ்ச ஆள் வேணும். நான் தண்ணி வேலையில இருக்கிற ஆள், கொஞ்சம் நீளமாச் சொல்லுறன்.

மணல் கடற்கரையில மழைத்தண்ணி உப்புத்தண்ணிக்கு மேல மிதந்துகொண்டு நிக்குது. கடல்தண்ணி கொஞ்சம் பாரம் கூட, அதால கடல்மட்டத்துக்கு மேல நல்ல தண்ணி ஒரு அடி நிண்டா கீழ கிட்டத்தட்ட 40 அடிக்கு நல்ல தண்ணி இருக்கும் எண்டு கணக்கு, கைபன் ஹெர்ஸ்பேர்க் எண்டு புத்தகத்தில பாத்திருப்பீங்கள். திருப்பிப் பாருங்கோ, மோட்டர் போட்டு மேல ஒரு அடி இறைச்சா கீழ உப்பு 40 அடி ஏறப் பாக்குது. உண்மையில இவ்வளவு நேரா நடக்காது, மணல் எப்பிடி, களி அடுக்கு இருக்கா, எவ்வளவு நேரம் இறைக்கினம் எண்டதில தங்கியிருக்கு, ஆனா திசை இதுதான். சுனாமிக்குப் பிறகு கிணறு துப்பரவாக்கேக்கயும் அளவுக்கு மீறி இறைக்காதீங்கோ எண்டு சொன்னது இதாலதான்.

கருவி எண்டா மின்கடத்துதிறன் மீற்றர், ஈசி மீற்றர் எண்டு கேட்டா குடுப்பினம், பேனை மாதிரிச் சின்னது காணும். தண்ணியில உப்பு கூடக் கூட அது காட்டுற எண்ணும் கூடும். கடல்தண்ணி 50,000 மைக்ரோ சீமென்ஸ் அளவில காட்டும், நல்ல கிணறு சில நூறில நிக்கும், அதால சின்ன மீற்றரே வித்தியாசத்தைப் பிடிச்சிடும். ஆனா வாங்கின உடன ஓடிப்போய் அளக்காதீங்கோ. 1413 எண்டு ஒரு நியமக் கரைசல் விக்கிறாங்கள், அதில விட்டா மீற்றர் 25 பாகையில 1413 காட்டவேணும், காட்டாட்டி சரிப்படுத்தவேணும். ஒவ்வொரு களநாளும் தொடங்கேக்க ஒருக்கா, முடியேக்க ஒருக்கா பாத்து ரெண்டையும் எழுதுங்கோ. பரிசோதகர் கேக்கிற முதல் கேள்வி இதாத்தான் இருக்கும்.

கிணத்தடியில நிண்டா வேலை இப்பிடி. முதல்ல கிணத்துக்கட்டில ஒரு இடத்தில பெயின்றால ஒரு கோடு, எப்பவும் அந்தக் கோட்டில இருந்துதான் தண்ணி மட்டத்துக்கு ரேப் விடுறது, கட்டு ஒரு பக்கம் உயரம் ஒரு பக்கம் பதிவு எண்டா ஒவ்வொரு முறையும் வேற எண் வரும். நிலத்தில இருந்து கட்டின்ர உயரத்தையும் எழுதுங்கோ. பிறகு மேல்தண்ணியில ஒரு அளவு. அதோட நிப்பாட்டாதீங்கோ, உப்பு பாரம், அது அடியில நிக்கும். ஒரு சின்னப் போத்தலுக்குக் கல்லுக் கட்டி, மூடியில வேற ஒரு கயிறு கட்டி அடிக்கு இறக்கி, கீழ போனாப்பிறகு மூடியை இழுத்துவிட்டு எடுங்கோ. மேல 800ம் அடியில 3,000ம் காட்டுற கிணறு எண்டா அங்கதான் உங்கட கதை இருக்கு, மேல மட்டும் அளந்திருந்தா நல்ல கிணறு எண்டு எழுதியிருப்பீங்கள். மீற்றரை ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணியிலயும் பிறகு அந்தக் கிணத்துத் தண்ணியிலயும் அலம்புங்கோ. கடைசியா மோட்டர் போட்டது எப்ப, நேற்று மழையா, குளோரின் போட்டவையா எண்டு வீட்டுக்காரரைக் கேட்டு அதே வரியில எழுதுங்கோ, வீட்டை போய் எழுதலாம் எண்டு விட்டா பத்தாவது கிணத்தில எல்லாம் கலந்திடும்.

எந்தக் கிணறு எண்டுறதையும் முதலே யோசியுங்கோ. தெரிஞ்ச வீடா, ரோட்டோர வீடாப் போனா ரோட்டுத்தான் அளந்ததா வரும். கடற்கரைக்குச் செங்குத்தா உள்பக்கமா ஒரு நாலைஞ்சு கோடு கீறி, ஒவ்வொரு கோட்டிலயும் கடல்ல இருந்து தூரத்துக்குத் தூரம் ஒரு கிணறு எடுங்கோ. நிலாவெளிப் பக்கம் உப்பளமும் களப்பும் இருக்கு, உப்பு அந்தப் பக்கத்தால வருதா கடலால வருதா எண்டதையும் கோடு காட்டும்.

தம்பலகாமத்தான்

கிணத்தடி சொன்னதை அப்பிடியே முன்மொழிவில எழுதலாம்போல இருக்கு. நான் ஒண்டு சேக்கிறன், சனத்தொகை எடுக்கப் போவீங்கள், "கிணறு கூடினது, ஆக்கள் கூடினது" எண்டு எழுத. எங்கட மாவட்டத்தில 1981க்குப் பிறகு அடுத்த முழுக் கணக்கெடுப்பு நடந்தது 2012லதான், 2001ல இங்க முடிக்க முடியேல்லை. 1981ல கிட்டத்தட்ட இரண்டரை இலட்சம், 2012ல 3.8 இலட்சம். இந்த ரெண்டு புள்ளியையும் நேர்கோட்டால இழுத்து வருசத்துக்கு இவ்வளவு கூடினது எண்டு எழுதினா அது பொய்யாத்தான் முடியும், நடுவில இடம்பெயர்வு, திரும்பி வந்தது, சுனாமி எல்லாம் கிடக்கு. கிராம சேவகர் பிரிவு எல்லையும் மாறியிருக்கு, அதே பேர் எண்டு பாத்து அதே நிலம் எண்டு நினைக்காதீங்கோ. ஜீஎஸ்ஸின்ர பதிவையும் பாருங்கோ, ஆனா அது எதுக்காக வச்சிருக்கிற பதிவு எண்டு கேட்டுட்டுப் பாருங்கோ, நிவாரணத்துக்கு வச்சதில குடும்பம் எண்டு எழுதுறதும் வாக்காளர் பட்டியல்ல எழுதுறதும் ஒண்டில்லை.

உவர்மலைப்_பிள்ளை

பைதன், ஆர் (R எண்ட புள்ளிவிபர நிரல் மொழி) பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. வேலைக்கு விண்ணப்பிக்கேக்க அதைத்தானே கேக்கினம்?

வரைபடப்_பித்தன்

கேக்கினம், அதால கட்டாயம் பழகுங்கோ, அண்ணைமார் என்ன சொன்னாலும் நான் இதில விடமாட்டன். ஆனா ஆற்றையோ தரவில பயிற்சி செய்யாமல் உங்கட சொந்தத் தரவில செய்யுங்கோ. டீச்சர் அளக்கப்போற கிணறுகள், ரெண்டு பருவம், மேல் அளவு அடி அளவு, இது ஆர்ல ஒரு வரைபடம் போடப் பழகுறதுக்குக் காணும். மழைக்கு சேர்ப்ஸ் தரவு 1981ல இருந்து இலவசமாக் கிடக்கு, அதை இறக்கி மாதாந்தச் சராசரி எடுக்கிறது நல்ல பைதன் பயிற்சி. ஆனா அது செய்மதியும் நிலையத் தரவும் கலந்த மதிப்பீடு, திருகோணமலை வானிலை நிலையத்தின்ர மழையைத் திணைக்களத்தில கடிதம் குடுத்துக் கட்டணம் கட்டி எடுத்து ரெண்டையும் பக்கத்தில வச்சுப் பாருங்கோ. 2020 டிசம்பர் 2ல புரெவி புயல் எங்கட கரையாலதானே ஏறினது, அந்தக் கிழமைக்கு ரெண்டும் என்ன சொல்லுது எண்டு பாத்தாலே கன விசயம் விளங்கும்.

தம்பலகாமத்தான்

இதில எனக்கும் உங்களுக்கும் சண்டையில்லை, சொந்தத் தரவு எண்டு சொன்னீங்களே அது காணும்.

நிலாவெளி_டீச்சர்

சுப்பவைசரோட இண்டைக்கு போன்ல கதைச்சன், தலைப்பை மாத்த ஓம் எண்டு சொல்லிட்டார், சந்தோசப்பட்டார். "நிலாவெளி, இறக்கக்கண்டிக் கரையோரக் கிணறுகளில் உவர்த்தன்மையின் இட, பருவ வேறுபாடு" எண்டு இப்போதைக்கு வச்சிருக்கு. பிரதேச செயலகத்துக்குக் கடிதம் எழுதிட்டன். ஏ.எல் பிள்ளையள் ரெண்டு பேர் தாங்களும் வாறம் எண்டு நிக்கினம், அவையின்ர தாய்தகப்பனிட்டக் கேட்டுத்தான் கூட்டிக்கொண்டு போவன்.

ஒரு கேள்வி மிச்சம், எப்ப தொடங்குறது? முன்மொழிவு பாஸாக நவம்பராகும் எண்டு சொல்லினம்.

கிணத்தடி

நவம்பர் வரைக்கும் பாத்துக்கொண்டிருந்தா ஒரு வருசம் போயிடும். மழை விழுந்தா மேல் தண்ணி நல்லதாயிடும், உப்பு கூடின நேரம் செப்டெம்பர் கடைசி, அதை விட்டா அடுத்த செப்டெம்பர்தான். முழுக் களப்பணிக்கு அனுமதி வரட்டும், ஆனா முன்னோடி ஆய்வு எண்டு சுப்பவைசரிட்ட எழுத்தில ஒரு சம்மதம் எடுத்து, ஜீஎஸ்ஸுக்கும் சொல்லி, ஒரே ஒரு கோட்டில இருக்கிற கிணறுகளை மழைக்கு முந்தி அளந்து வையுங்கோ. பிறகு ஜனவரி கடைசியில அதே கிணறு, அதே பெயின்ற் கோடு. கடற்கரைக்குச் செங்குத்தாக் கீறின கோடுகளில எதை எடுக்கிறது எண்டா, மற்றதுகளை விட ஹொட்டேலும் தோட்டமும் ரெண்டும் வாறதை எடுங்கோ, முறையில என்ன பிழைக்குது எண்டு அங்கதான் கெதியாத் தெரியும்.

மீற்றர் வாங்கினா மொடலை இதில போட்டுவிடுங்கோ, சிலதுக்கு 1413 கரைசல் சரிவராது, வேற கேக்கும், பாத்துச் சொல்லுறன்.